மாயக்காள் சேர்த்த பொக்குக் காய்கள்

சிலமலைக் கிராமத்து மாயக்காளுக்கு என்ன குறை என்று ஊரே கேட்கும். புருசன் ஜக்கையன் குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். மலை மேலே எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்துகிற வேலை அவனுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் லோடோடு போடிக்கு இறங்கிவிடுவான். அவளுக்கும் போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் கிடங்கில் தரம் பார்த்துக் காய் பொறுக்குகிற வேலை, நிழலில் உட்கார்ந்து. அப்படியும் அவள் முகம் எந்நேரமும் கடுகடுவென்றுதான் இருந்தது. படுத்தால் தூக்கம் வரவில்லை. காய் பொறுக்குகிற விரல் நடுங்க ஆரம்பித்திருந்தது. விரல் போனால் வேலை போயிற்று.

"ஒனக்கு என்னதான் செய்யுது? சொன்னாத்தானே தெரியும்" என்று போன வாரம் ஜக்கையன் கேட்டான். அவளும் வாயைத் திறந்தாள். விறகு ஈரமாய் இருந்ததைச் சொல்வதா? கிணற்றடியில் ஒருத்தி இவள் குடத்தைத் தள்ளி வைத்ததைச் சொல்வதா? இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் நெஞ்சை அடைத்ததும் அதுதான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

திங்கட்கிழமை கிடங்கில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. உள்ளே விதை வைக்காத காயைப் பொக்கு என்று குப்பைக்கு ஒதுக்குவார்கள். பழசும் புதுசுமாக மனசு சுருக்கென்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு பொக்கை எடுத்துத் தான் உட்காரும் சாக்குக்கு அடியில் போட்டு வந்தாள். சனிக்கிழமை புருசன் முன்னால் கொட்டி, இந்தா பார், இதுதான் எனக்குச் செய்யுது என்று காட்டிவிட வேண்டும். வாய்க்கு வராததைக் கண்ணாலாவது பார்க்கட்டுமே!

அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து போகிற பெண்கள் வாசலில் மேஸ்திரி சோணை முன்னால் நின்று முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். குப்பைக்குப் போகிறதை யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள் பாவி மகள். சனிக்கிழமை எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்துகொண்டு வரிசையில் வந்து நின்றாள். முடிச்சைப் பார்த்த சோணைக்குக் கண் சிவந்தது.

"காயைக் கடத்துறியா? இனி இந்தப் பக்கமே வராத."

அந்த நேரம் பார்த்துத்தானா ஜக்கையன் எஸ்டேட் லாரியிலிருந்து மூட்டையைச் சுமந்துகொண்டு வாசலுக்கு வரவேண்டும்! சோணை சொன்னது காதில் விழுந்து, மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டான்.

மாயக்காளுக்கு உடம்பெல்லாம் கூசியது. "பொக்குதாண்ணே. நிறுத்துப் பாருங்க" என்றாள்.

சோணை தராசில் கொட்டினார். நாலைந்து தரையில் சிதறின. தட்டு தாழவே இல்லை. கோபம் போய் அவருக்குக் குழப்பம்தான் வந்தது. இதை எதற்கு எடுத்தாய் என்று கேட்டார்.

அவள் புருசனைப் பார்க்காமல், தட்டையே பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். இது ஈர விறகு. இது தள்ளி வைத்த குடம். இது கையைக் காட்டியும் நிற்காமல் போன பஸ்சு. இது, கஞ்சியில் உப்பில்லை என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வரிசையில் பக்கத்தில் நின்ற சுப்புத்தாய் முதலில் களுக்கென்று சிரித்தாள். போகப் போக அவள் சிரிப்பு நின்றது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மிச்சம் கெடக்குற இதெல்லாம், அன்னாடம் இங்கன நின்னு முந்தானைய உதறிக் காட்டுறதுக்கு" என்றாள் மாயக்காள்.

முதலாளி வைத்த வழக்கம், நான் என்ன செய்ய என்று சோணை முணுமுணுத்தார். பிறகு, திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடு என்றார். கிடந்த பொக்கைக் கூட்டித் தள்ளச் சொல்லி ஆளைக் கூப்பிட்டார்.

ஜக்கையன் மூட்டையை இறக்கினான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து விரித்து, தட்டில் இருந்ததை அள்ளிப் போட்டான். தரையில் சிதறியதையும் மண்டியிட்டுப் பொறுக்கினான்.

"அட, குப்பைப்பா அது. ஒனக்கு எதுக்கு?" என்றார் சோணை.

ஜக்கையன் துண்டை இறுக்கி முடிந்தான்.

"எங்க வீட்டுதுண்ணே" என்றான்.