வலது பின்சக்கரம்

எங்கள் காரில் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவள் என் கொழுந்தனின் மனைவி. போடிமெட்டுக்கு மேலே, கேரளப் பக்கத்தில், இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு சின்ன ஏலத்தோட்டம் இருக்கிறது. ஆண்கள் இருவரும் போர்வெல் லாரியோடு ஊர் ஊராகப் போய்விடுவார்கள். தோட்டத்தைப் பார்ப்பது நாங்கள் இருவர்தான். அதற்காகவே பழைய கார் ஒன்று வாங்கினோம். நான் ஓட்டுவேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள்.

ஒருநாள் மலையிறங்கி, அடிவாரத்து முந்தலைத் தாண்டிச் சமதளத்தில் வேகம் எடுத்ததும் அவள் கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினாள்.

"அக்கா, கேக்குதா? கிரைண்டர் ஓடுற மாதிரி."

எனக்கும் கேட்டது. வேகம் கூடினால் சத்தமும் கூடியது. மெதுவாகப் போனால் அடங்கியது.

போடியில் நாங்கள் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, டயர் தேய்ந்திருக்கிறது என்றார். உண்மைதான், தேய்ந்துதான் இருந்தது. மாற்றினோம். சத்தம் போகவில்லை. மறுபடி போனபோது அவர் பட்டறை வாசலில் ஜீப்புகள் வரிசையாக நின்றன.

"அப்ப பேரிங்காத்தான் இருக்கும்க்கா. எந்தச் சக்கரம்னு ஒவ்வொண்ணா இறக்கித்தான் பாக்கணும். அடுத்த வாரம் விட்டுட்டுப் போங்க. இப்ப சோலி தலைக்கு மேல கிடக்கு."

காய் எடுப்பு நேரம். காரில்லாமல் ஒரு வாரம் என்பது நடக்காத காரியம். அந்தச் சத்தத்தோடு மலையேறவும் எனக்குப் பயம். திரும்பி வரும்போது அவள்தான் கேட்டாள்: "எந்தச் சக்கரம்னு நாமளே கண்டுபிடிச்சா என்ன?"

மறுநாள் காலையில் அடிவார வளைவுகளுக்கு மட்டும் போனோம். அவள் பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டாள். இடது பக்கம் வளைந்தால் வண்டியின் பாரம் வலது பக்கச் சக்கரங்களில் இறங்கும். வலது பக்கம் வளைந்தால் இடது பக்கத்தில் இறங்கும். கெட்டுப்போன பேரிங் பாரம் ஏறும்போதுதான் கத்தும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இடது வளைவு வரும்போதெல்லாம் "இப்ப, இப்ப" என்று அவள் கத்தியதை வைத்து, யோசித்து யோசித்து நாங்களே வந்து சேர்ந்தோம்.

"வலது பக்கம், அக்கா. பின்னாடி. எனக்கு முதுகுக்கிட்டக் கேக்குது."

வீட்டு முற்றத்தில் முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினோம். பாரம் முழுவதும் ஜாக்கியில் நிற்காமல் அடியில் இரண்டு கட்டைகளும் கொடுத்தோம். இடது சக்கரத்தைச் சுற்றிவிட்டால் சத்தமில்லாமல் ஓடியது. வலது சக்கரத்தைச் சுற்றும்போது அவள் சக்கரத்தை ஒட்டியிருந்த ஸ்பிரிங்கில் கை வைத்திருந்தாள். என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். உள்ளே மணல் அரைபடுவதுபோல விரலில் நறநறவென்றது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசாக ஆட்டமும் இருந்தது.

புது பேரிங்கும் புது நட்டும் வாங்கி வந்தோம். பேரிங்கை அன்றே ஃப்ரீசருக்குள் வைத்துவிட்டாள். குளிர்ந்தால் இரும்பு கொஞ்சம் சுருங்கும் என்று வீடியோ ஒன்றில் பார்த்தாளாம்.

மறுநாள் பின்சக்கரத்து நடுவிலிருந்த பெரிய நட்டு எங்கள் இருவரையும் படுத்தியது. ஸ்பேனரில் நீளமான குழாயைச் சொருகி, அதன்மேல் நான் ஏறி நின்ற பிறகுதான் அசைந்தது. பிரேக் டிரம்மைக் கழற்றி, உள்ளிருந்த பழைய பேரிங்கைச் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியே எடுத்தோம். அதன் உள்பக்கம் நீலம் பாரித்துக் கறுத்திருந்தது. குண்டுகளில் பொரிபொரியாக அரிப்பு. இதை நம்பியா இத்தனை வளைவு இறங்கினோம்!

டிரம்மின் துளை சூட்டில் விரியட்டும் என்று கொதிக்கிற தண்ணீர் ஊற்றித் துடைத்தாள். "வெரசா, அக்கா! சூடு ஆறுறதுக்குள்ள கொண்டாங்க!" ஃப்ரீசரிலிருந்து ஓடி வந்து கொடுத்தேன். முதல் தட்டிலேயே பேரிங் கோணலாக நின்றது. நான் சுத்தியலை இன்னும் ஓங்கினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம். கோணலா இறங்குனா புதுசும் போயிரும். எடுத்துட்டுத் திரும்ப வைப்போம்."

திரும்ப எடுத்தோம், திரும்பக் குளிர வைத்தோம், திரும்பத் தண்ணீர் கொதிக்க வைத்தோம். இந்தமுறை பழைய பேரிங்கின் வெளிவளையத்தை மேலே வைத்து, நாலு பக்கமும் மாற்றி மாற்றி மெதுவாகத் தட்டினோம். 'டக் டக்' என்றிருந்த ஓசை ஓரிடத்தில் 'டங்' என்று கனத்தது. அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம். அவள் முகத்தில் கிரீஸ், என் சேலையிலும் கிரீஸ்.

நட்டு இறுக்கத்தை மட்டும் எங்கள் கை பலத்தை நம்பி விட மனசில்லை. அன்று சாயங்காலம் பட்டறைக்கு மெதுவாக ஓட்டிப் போனோம். மெக்கானிக் தன் கருவியை வைத்து இறுக்கிப் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றினார், ஆட்டினார்.

"எந்தப் பட்டறையில போட்டீங்க?"

"எங்க வீட்டு முத்தத்துல," என்றாள் அவள்.

அவர் சிரித்தார். "நல்லாப் போட்டிருக்கீங்க. தைரியமா மேல போங்க."

மறுநாள் மெட்டு ஏறினோம். ஒவ்வொரு இடது வளைவிலும் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். டயரின் உராய்வும் இன்ஜினும்தான் கேட்டன. மேலே போய் என் கணவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை; போட்டோ கேட்டார். காரிலேயே கிடந்த கறுத்துப்போன பேரிங்கை உள்ளங்கையில் வைத்து எடுத்து அனுப்பினேன். அது போர்வெல் லாரியில் இருந்த எல்லாருக்கும் போய்விட்டதாம்.

சில வாரம் கழித்து, மெட்டில் காய் மூட்டைகளோடு நின்றிருந்தோம். தோட்ட வேலைக்கு ஆளேற்றும் ஜீப் டிரைவர் ஒருவர், பட்டறையில் கேள்விப்பட்டு அவளைத் தேடி வந்தார்.

"ஏந்தங்கச்சி, என் வண்டியிலயும் ஒரு சத்தம். கொஞ்சம் ஏறி உக்காந்து கேட்டுச் சொல்றியா?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள்.

"நீங்க வளைவ மெதுவா எடுங்கண்ணே. எந்தப் பக்கம்னு நான் சொல்றேன்."

ஜீப் கிளம்பியது. பக்கத்தில் நின்ற ஒரு பெண், ஜீப்பில் போவது யாரென்று விசாரித்தாள். "என் தங்கச்சி," என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.