டாக்ஸின் குட்டி

விமான நிலையத்துக்கென்று அண்ணை வாங்கிய நீலச் சேட்டு அவர் உடம்பில் ஒரு மணித்தியாலம்கூட இருக்கவில்லை. குப்பைப் பையில் கட்டி எறிந்தவள் நான். அன்றைக்குத்தான் கொழும்பிலிருந்து அண்ணையின் பெண்சாதி, என் மச்சாளும் மகளும் வருகிறார்கள். அண்ணை நாட்டைவிட்டுப் புறப்பட்டபோது பிள்ளை வயிற்றில். அவளுக்கு அப்பாவைப் படத்தில்தான் தெரியும்.

கனடாவுக்கு வருமுன் அண்ணை ஜேர்மனியில் ஒரு காட்டோர அகதி விடுதியில் இருந்தவர். வேலை செய்ய விடமாட்டார்கள், தூரம் போகவும் விடமாட்டார்கள். ஜன்னலடியில் இருந்து நரி, மான், முயல், முள்ளெலி என்று பார்த்தே பொழுதைப் போக்கினாராம். அவருக்கு மிகவும் பிடித்தது டாக்ஸ், பாட்ஜருக்கு ஜேர்மன்காரர் சொல்லும் பெயர். முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு, தன்பாட்டில் மண்ணைக் கிண்டித் திரியும் சாது என்பார். மகள் வந்ததும் இதெல்லாம் சொல்லவேண்டும் என்று காத்திருந்தார், பாவம்.

கனடாவில் மில்லிக்கன் பகுதியில் இருந்த எங்கள் வீட்டின் பின்வளவுக்குக் கறுப்பு வெள்ளையாக ஒன்று வரத் தொடங்கியதும் மனிதர் துள்ளிக் குதித்தார்.

“உது டாக்ஸின்ரை குட்டி. ஒண்டும் செய்யாது. பிள்ளைக்குக் காட்டவேணும்.”

ஐரோப்பா பார்த்தவர் சொல்லிவிட்டார், நாங்களும் நம்பினோம். ஸ்கங்க் என்ற பெயரே அப்போது எங்களுக்குத் தெரியாது.

அவர்கள் வரும் அன்று விடியற்காலை, பிள்ளை வரும்வரை அது ஓடிவிடக்கூடாதென்று புதுச் சேட்டோடேயே சோற்றுக் கோப்பையோடு கிட்டப் போனார். அது வாலைத் தூக்கியது. “பாத்தியே, பழகிட்டுது” என்றார். அடுத்த கணம் வாலடியிலிருந்து நாற்றம் பிடித்த நீரை அவர் மேல் பீச்சிவிட்டு ஓடிவிட்டது.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி சொன்னபடி தக்காளிச் சாற்றை ஊற்றித் தோயவார்த்தோம். நாற்றம் போகவில்லை, ரசவாசம் வேறு சேர்ந்துகொண்டது.

“நீங்கள் போங்கோ. நான் வந்தால் அங்கை சனம் ஓடும்” என்று வீட்டிலேயே நின்றுவிட்டார். விமான நிலையத்தில் மச்சாள் எங்கள் முதுகுக்குப் பின்னால் அவரைத் தேடிக்கொண்டே நின்றார்.

வீட்டடியில் காரை விட்டு இறங்கிய பிள்ளை “அப்பா!” என்று ஓடினாள். அண்ணை கையைக் காட்டித் தடுத்தபடி, “கிட்ட வராதை அம்மா” என்று பின்னுக்கே போனார், கராஜ் சுவர் முதுகில் முட்டும்வரை. பிள்ளை பாதி வழியில் நின்றுவிட்டாள்.

இரண்டு கிழமையில் நாற்றம் போய்விட்டது. பிள்ளைதான் கிட்டப் போகவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். நாறினால் நாறட்டும் என்று அன்றைக்கே அவளைத் தூக்கியிருக்கலாமே, அண்ணை!

போன வருடம் அண்ணையின் செத்தவீட்டில் இதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“மாமி, எனக்கு அந்த ஸ்மெல் ஞாபகமே இல்லை” என்றாள். “அப்பா பின்னுக்குப் போனதுதான் ஞாபகம்.”