குன்வோர் வேண்டுமென்று அணைக்கவில்லை

இல்லை, பொறாமையும் இல்லை, வீம்பும் இல்லை. குடியிருப்பின் இணையத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் குன்வோர் உதறிவிட்டுப் போனதற்கு மூன்றாம் மாடியில் என்னென்னவோ சொல்கிறார்கள். சொல்பவர்களில் ஒருவர்கூட அன்று நிலவறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பொறாமைப்பட அவளுக்குத் தெம்பு எங்கே இருந்தது? பகலெல்லாம் பல் வைத்தியரிடம் வருகிறவர்களுக்கு வரவேற்பு மேசையில் இருந்து பதில் சொல்லிவிட்டு வருவாள். வந்து கோட்டைக் கழற்றும் முன்பே யாராவது கதவைத் தட்டுவார்கள், படம் நின்று நின்று வருகிறது என்று. சம்பளம் கிடையாது. என்றோ ஒரு குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், இணையத்தை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டபோது யாரும் கையைத் தூக்கவில்லை. அவள் தூக்கினாள். அப்புறம் இறக்கவே விடவில்லை.

அவள் அரைகுறையாக எதையும் செய்தவள் அல்ல. சங்கத்தின் காகிதங்களைச் சேமிக்க இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கச் சொன்னபோது இரண்டையும் ஒரே கடையில் எடுக்கவில்லை. ஒன்றாகச் செய்தவை ஒன்றாகவே செத்துப்போகும் என்று மழையில் ட்ராம்மென் நகரத்தின் இன்னொரு மூலைக்கும் போய்வந்தாள். அதற்கும் சிரித்தார்கள்.

இந்த வசந்தத்தில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். எல்லா வீட்டு இணையக் கம்பிகளும் நிலவறையில் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி பழசாகிவிட்டது. புதிது வாங்கும்போது, கம்பியைத் தப்பாகச் சொருகினால் அந்தத் துளையைத் தானே மூடிக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்கலாம் என்றாள்.

சங்கத் தலைவர் டோர்கெய்ர் அவள் கேட்டது, மலிவானது என இரண்டு பெட்டிகளின் படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ரெண்டுலயும் துளை அதே எண்ணிக்கைதானே?"

"துளை இல்ல டோர்கெய்ர், உள்ள இருக்கிற மூளை."

"மூளைக்குத்தான் நீ இருக்கியே!"

எல்லோரும் சிரித்தார்கள். விலை குறைந்ததே வந்தது. அவளே சுவரில் மாட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை டுக்னாட். குடியிருப்பே சேர்ந்து பெருக்கி, வேலிக்கு வர்ணமடித்து, கடைசியில் பொது அறையில் வாஃபிள் தின்கிற நாள். நிலவறையைக் கூட்டட்டும் என்று குன்வோர் பெட்டி இருந்த சின்ன அறையையும் திறந்துவிட்டு வேலிப் பக்கம் போனாள். மதியத்துக்குள் எந்த வீட்டிலும் இணையம் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்கள்.

"போன வாரம் அவ கேட்ட பெட்டிய வேணாம்னோம். இன்னிக்கு நெட்டே இல்ல. கணக்குப் போட்டுக்கோ."

"மெதுவாப் பேசு, காதுல விழப்போகுது."

"விழட்டுமே. சாயங்காலம் புட்பால் ஆட்டம் பாக்கணும். நம்மள வெச்சு விளையாடுறாளா?"

விழுந்தது. கையில் சிவப்பு வர்ணத்தோடு அப்படியே கீழே இறங்கினாள். இணையக் கம்பெனிக்குப் போன் செய்தாள். தெருவரை எல்லாம் சரி என்றார்கள். பெட்டியை அணைத்துப் போட்டாள். ஒரு நிமிடம் ஒழுங்காக இருந்தது, பிறகு பெட்டியிலிருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வெறிபிடித்தது போல மினுமினுத்தன. மலிவுப் பெட்டி செத்துவிட்டது என்றே நம்பினாள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த நினைப்பிலேயே வெகுநேரம் வீணாய்ப் போனது.

கடைசியில் தன் லேப்டாப்பை மாட்டிப் பார்க்கலாம் என்று கை நீட்டினாள். அதற்கென்றே ஒரு கம்பியின் முனையைத் தொங்கவிட்டு வைத்திருப்பாள். அது தொங்கவில்லை. அழகாகச் சுருட்டி, தோட்டத்துப் பச்சைக் கயிற்றால் கட்டி, இரண்டு முனையும் அதே பெட்டியில் சொருகியிருந்தது. ஒரு முனையில் போன தகவல் மறு முனையில் திரும்பி வந்து, மறுபடி போய், பெருகிப் பெருகி வேறு எதற்கும் வழிவிடாமல் அடைத்துக்கொண்டிருந்தது. பிடுங்கினாள். விளக்குகள் அடங்கின. ஒரு முனையில் பெயர் எழுதி ஒட்டியிருக்கலாம்தான். அது அவளுக்கும் தோன்றியது.

பொது அறையில் செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்: "யாரோ ஒரு கம்பிய மாத்திச் சொருகிட்டாங்க. இப்ப சரியாயிடுச்சு."

"யாரோவா?" என்றார் டோர்கெய்ர். "அந்த ரூம் சாவி உன்கிட்டதானே இருக்கு?"

 மூலையில் இருந்த கிழவர் ஆர்ன்ஃபின் மீசையில் ஒட்டிய க்ரீமைத் துடைத்தார். "பச்சைக் கயிறு கட்டினதா? அட, அது நான்தான்! அனாதையாத் தொங்கிச்சு. பாவம், நீயும் எத்தனையத்தான் பாப்பே, நம்மாலானதுன்னு சொருகிவிட்டேன். டக்குனு என்ன அழகா உக்காந்துச்சு தெரியுமா!"

அறையே வெடித்துச் சிரித்தது. கைதட்டினார்கள். "இனிமே உங்க கையில வெளக்குமாறு மட்டும்தான்!" என்று டோர்கெய்ரே பழுப்புச் சீஸ் வைத்த இன்னொரு வாஃபிளை அவர் தட்டில் போட்டார்.

குன்வோரும் சிரித்தாள். முன்பே தெரிந்திருந்தால் அவர் பெயர் வெளியே வராமல் பார்த்திருப்பாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். தனக்கும் ஏதாவது வரும் என்று.

"குன்வோர், ரெண்டாம் மாடியில இன்னும் மெதுவா இருக்காம்," என்றார் டோர்கெய்ர். "சாப்பிட்டுட்டு ஒரு எட்டு பாத்துடு."

"மத்தியானம் வேலிகிட்ட என்னைப் பத்திப் பேசினது?"

"அது சும்மா விளையாட்டுக்கும்மா. மனசுல வெச்சுக்காத."

அவள் சாவியை எடுத்து ஜாம் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "அடுத்து பாக்குறவங்களுக்கு. கயிறு கட்டின கம்பி அங்கேயே கிடக்கு."

செருப்பு அடுக்கருகே உட்கார்ந்து பூட்ஸின் நாடாவை மெதுவாகக் கட்டினாள். முதலில் ஒரு கால், பிறகு மறு கால். ஒருவர் எழுந்து ஒரு வார்த்தை சொல்ல அந்த நேரம் போதும். மாவு இன்னும் மிச்சமிருக்கிறதா என்று யாரோ சமையல்கட்டைப் பார்த்துக் கேட்டார்கள். அவள் கதவைத் திறந்து வெளியே போனாள்.