கொட்டினது உது இல்லை

எங்கடை கொக்குவில் வளவிலை தேளை வகை பிரிக்கிறது லேசு. சின்னனாக் கிடந்தால் தேள். கறுப்பா, உள்ளங்கை அளவிலை, நண்டு மாதிரிக் கையை விரிச்சுக்கொண்டு வந்தால் நட்டுவக்காலி. தேளைச் செருப்பாலை அடிக்கிறது, நட்டுவக்காலியைக் கண்டால் ஓடுறது. நான் இதிலை சின்னத் திருத்தம் ஒண்டு செய்து வைச்சிருந்தனான்: இரண்டுக்கும் ஓடுறது.

போன ஆவணியிலை ஒரு காலமை, மனிசி பூச்சட்டிக்கு முண்டு குடுக்க ஓடு ஒண்டு கேட்டா. பழைய கூரை ஓடுகள் மதிலோரம் அடுக்கிக் கிடக்கு. அந்த அடுக்கைப் பாத்தாலே எனக்கு உடுத்த சாரத்துக்கை ஏதோ ஊருறமாதிரி இருக்கும்.

"தேத்தண்ணி குடிச்சுப்போட்டு எடுத்துத் தாறன்" எண்டு சொன்னன். தேத்தண்ணி குடிச்சு முடிஞ்சு கோப்பையும் கழுவியாச்சு. அவ என்னை ஒருக்காப் பாத்தா. தானே எழும்பிப் போனா.

பிறகு கேட்டது அவவின்ரை கத்தல்தான். நான் ஓடினன். எந்தப் பக்கமெண்டு கேளாதேங்கோ. கிணத்தடியிலை உடுப்புத் தோய்க்கிற கல்லுக்கு மேலை ஏறி நிண்டுகொண்டுதான், "என்னப்பா? என்ன?" எண்டு கேட்டனான்.

"ஏதோ கொட்டிப்போட்டுது. சின்னன். ஓட்டுக்கை பூந்திட்டுது." விரலைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு அவ நிலத்திலை இருந்திட்டா. அப்பத்தான் இறங்கினன்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஓட்டோவைக் கொண்டுவந்து படலையடியிலை நிப்பாட்டினான். அவவை ஏத்தினாப் பிறகு கேட்டான்: "அண்ணை, கொட்டினதைப் பிடிச்சனீங்களோ? டொக்ரர்மார் முதல் அதைத்தான் கேப்பினம்."

எங்கடை ஊர்ப் பழக்கம் அது. பாம்போ தேளோ, கடிச்சதை அடிச்சுப் போத்தலிலையோ பையிலையோ போட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போறது. பாதிப் பாம்போடை போன ஆக்களையும் கண்டிருக்கிறன். வெறுங்கையோடை போனால் மனிசன் என்ன செய்துகொண்டு நிண்டவனெண்டு கேப்பினம். கல்லுக்கு மேலை நிண்டவனெண்டு சொல்லேலுமோ?

"நில்லும், வாறன்" எண்டு திரும்பி ஓடினன். ஓட்டு அடுக்கைத் தொட எனக்குத் துணிவில்லை. வளவு கூட்டுற தும்புத்தடியாலை பூச்சட்டியை நெம்பிப் பாத்தன். அதுக்குக் கீழை பெரிய நட்டுவக்காலி ஒண்டு, பென்சன் எடுத்த ஆள் மாதிரிப் பேசாமல் கிடந்தது. ஜாம் போத்தலைக் கவிட்டு, கடதாசி மட்டையைக் கீழாலை தள்ளி அடைச்சுப்போட்டன். சத்தியமாச் சொல்லுறன், அந்த நேரம் எனக்குப் பெருமையா இருந்தது. படமெடுத்து, 'அம்மாவுக்குக் கொட்டிப்போட்டுது' எண்டு எழுதி, வெளியூரிலை விலங்கியல் படிக்கிற மகளுக்கும் அனுப்பினன்.

ஓட்டோவுக்குள்ளை மனிசி போத்தலைப் பாத்திட்டு, "உது இல்லையப்பா" எண்டா. "உமக்கு நோவிலை விளங்கேல்லை" எண்டு நான் சொன்னன்.

ஆஸ்பத்திரியிலை, என்ரை மகளின்ரை வயசிருக்கும், ஒரு டொக்ரர் பிள்ளை போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சா. "கொட்டினது இதுதான் எண்டு வடிவாத் தெரியுமோ, ஐயா?"

"ஓம். நான் கண்ணாலை கண்டனான்."

"இதெண்டால் பெரிசாப் பயப்பிடத் தேவையில்லை. நோ இருக்கும், வீங்கும். மருந்து தாறன், கொஞ்ச நேரம் இருந்து பாருங்கோ."

இருந்தம். பத்து நிமிசமிருக்கும், மனிசிக்கு வேர்க்கத் தொடங்கிச்சுது. மின்விசிறிக்குக் கீழை இருக்கிறா, சட்டை நனைஞ்சு முதுகோடை ஒட்டுது. கையைத் தொட்டன். ஐஸ்கட்டி. "நெஞ்சு படபடக்குது" எண்டா.

அப்ப பாத்து மகள் போன் எடுத்தாள். "அப்பா, படத்திலை இருக்கிறதோ அம்மாவுக்குக் கொட்டினது?"

நான் போத்தலைத் திரும்ப ஒருக்காப் பாத்தன்.

"உது கை தடிச்சது. கையாலையே இரையை நெரிச்சுப்போடும், அதாலை உதுக்குப் பெரிய விசம் தேவைப்படேல்லை. கை மெல்லிசா, வால் தடிப்பா, செம்மஞ்சளா ஒரு சின்னன் இருக்கு. கையிலை பலமில்லாததாலை அதுக்கு எல்லாம் வாலிலைதான். கோடிக்கணக்கான வருசமா அப்பிடித்தான் வந்திருக்கு. பாலைவனங்களிலை ஆக்களைக் கொல்லுற தேளுகளும் அதின்ரை குடும்பம்தான்."

கலியாணம் பேசேக்கை குடும்பம் விசாரிக்கிறமாதிரி, "அது எங்கை, அரபு நாட்டிலையோ?" எண்டு கேட்டன்.

"இந்தியாவிலை நிறைய. இலங்கையிலை எங்கடை யாழ்ப்பாணத்துப் பக்கம்தான். அப்பா, அம்மாவுக்கு வேர்க்குதோ?"

"ஓம்" எண்டன். போனை வைச்சுப்போட்டுக் குனிஞ்சு மனிசியைக் கேட்டன்: "என்ன நிறமப்பா?"

"செம்மஞ்சள்" எண்டா. "ஓட்டின்ரை நிறம்தான். அதாலைதான் எனக்குத் தெரியேல்லை."

டொக்ரர் பிள்ளை நாலு கட்டிலுக்கு அங்காலை நிண்டா. அந்த நாலு கட்டிலைக் கடக்க எடுத்த நேரம் மாதிரி என்ரை வாழ்க்கையிலை ஒரு நேரமும் நீண்டதில்லை. "பிள்ளை, நான் பொய் சொன்னனான். கொட்டினதை நான் காணேல்லை. இது வேறை இடத்திலை பிடிச்சது. அவ கண்டது சின்னன், செம்மஞ்சள்."

அவ என்னைத் திட்டேல்லை. திட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும். மனிசியிட்டை ஓடிப்போய் நாடியைப் பிடிச்சா, தாதியைக் கூப்பிட்டா. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போச்சினம். நெஞ்சிலை வயர் ஒட்டிச்சினம். குளிசை ஒண்டு விழுங்கக் குடுத்து, "எழும்பக் கூடாது, படுத்தே இருங்கோ" எண்டிச்சினம். "இருதயத்தைத்தான் பாக்கவேணும். நேரத்துக்குச் சொன்னது நல்லது" எண்டா டொக்ரர் பிள்ளை. நேரத்துக்கோ? ஒரு நல்ல மனிசன் சொல்லவேண்டிய நேரம் ஓட்டோவிலையே போயிட்டுது.

நான் வாங்கிலை இருந்து அந்த மிசினைப் பாத்தன். கோடு ஏறி இறங்குது. இறங்கின ஒவ்வொரு தரமும் திரும்ப ஏறுமோ எண்டு பாத்துக்கொண்டிருந்தன். கலியாண வீடுகளிலை ஆக்களைச் சிரிக்கப்பண்ணுறவன் எண்டு எனக்கு ஊரிலை பேர். அண்டைக்கு ஒரு பகிடியும் வரேல்லை. டைனோசருக்கு முதலே இருந்த சீவன் ஒண்டு, ஒரு விரல் நீளம், எனக்குப் பதிலா ஓடு எடுக்கப்போன மனிசியின்ரை இருதயத்தோடை விளையாடிக்கொண்டிருக்குது எண்டதுதான் திரும்பத் திரும்ப வந்தது. கொட்டு வாங்கின விரல் அவவின்ரை இல்லை, என்ரையா இருந்திருக்கவேணும்.

மத்தியானம் வேர்வை குறைஞ்சுது. மூண்டு மணிபோலை டொக்ரர் பிள்ளை திரும்ப வந்து இரத்த அழுத்தம் பாத்தா, மிசினிலை ஓடுற கோட்டையும் பாத்தா. "அழுத்தம் இறங்குது. நாளைக்கும் வைச்சுப் பாப்பம். ஆனால் இனிப் பயமில்லை."

நான் மனிசியின்ரை கையைப் பிடிச்சன். சூடு வந்திருந்தது. கன நேரம் அப்பிடியே பிடிச்சுக்கொண்டிருந்தன்.

"விடுங்கோவன், சனம் பாக்குது" எண்டா அவ.

பாக்கட்டும் எண்டு இருந்தன்.