வியட்நாம் பார்க்காத கமலநாதன்

கமலநாதன் வியட்நாமுக்குப் போய் வந்தவன். ஆனால் அந்த நாட்டைப் பற்றி அவனிடம் ஒன்றும் கேட்டுவிடாதீர்கள். பஸ்ஸில் நித்திரை, ரயிலில் நித்திரை, படகில் நித்திரை. ஹனோயில் ஒரு கோப்பிக் கடையில் கண்ணாடிக் குவளையைக் கையில் பிடித்தபடியே நித்திரையாகிப் போனான். கடைக்காரி அவனுக்கு ஏதோ வருத்தமென்று பயந்து மட்டையால் விசிறத் தொடங்கிவிட்டாள். எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.

அவனோடு போனது நானும் ஷானும். நான் பஸ்தியாம்பிள்ளை, லண்டனில் எட்மண்டன் பக்கம் பிளம்பர் வேலை செய்கிறேன். ஷான் மலேசியாக்காரன். கிள்ளானில் பிறந்து, இங்கே படிக்க வந்து, கணக்காளராகி, ஸ்ட்ரெதமில் குடியேறியவன். மூவரும் வாலிப வயதில் ஒரே வீட்டில் அறை எடுத்து, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். இப்போது எங்கள் முழங்கால்களுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இந்த வயதில் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போனோம் என்றால், அதற்கு ஷானின் கஞ்சத்தனம் பாதிக் காரணம், கமலனின் முகம் மீதிக் காரணம்.

அந்த முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கமலனின் அண்ணை ஞானேஸ்வரன் முதலில் ஜெர்மனிக்குப் போனவர். அங்கே உணவகங்களில் கோப்பை கழுவி, இரண்டு தங்கச்சிமாரைக் கனடாவுக்குக் கட்டிக்கொடுத்து, கடைசியாகக் கமலனையும் கூப்பிட்டெடுத்து, பிறகு தம்பியோடு லண்டனுக்கு வந்து கிங்ஸ்பரியில் ஒரு பிளாட்டில் குடியிருந்தார். கலியாணம் செய்யவில்லை. எல்லாரையும் கரைசேர்த்துவிட்டு நிமிர்ந்தபோது பாரிசவாதம் வந்து வலது பக்கத்தை இழுத்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அதிலிருந்து ஒன்பது வருசம் கமலன்தான் எல்லாம்.

காலையில் நகரசபைக் கவுன்சில் அனுப்பும் பெண் வந்து மத்தியானம் வரை நிற்பாள். அந்த இடைவெளியில் கமலன் ஒரு பண்டகசாலையில் அரை ஷிப்ட் பெட்டி தூக்கிவிட்டு ஓடி வருவான். மற்றபடி கழுவுவது, ஊட்டுவது, சவரம் செய்வது எல்லாம் அவன் கைதான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அண்ணையைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் படுக்கைப்புண் வந்துவிடும். ஒன்பது வருசத்தில் அந்த மனிதருக்கு ஒரு புண் வந்ததில்லை. கமலனின் கண்ணுக்குக் கீழேதான் கறுப்பாய் இரண்டு பை தொங்கியது. கனடாத் தங்கச்சிமார் ஞாயிறு தவறாமல் போனெடுத்து, அண்ணைக்கு என்ன கொடுக்க வேண்டும், என்ன கொடுக்கக் கூடாது என்று புத்தி சொல்வார்கள். புத்தி சொல்ல விமான டிக்கெட் தேவையில்லை பாருங்கள்.

ஷான் மலிவு டிக்கெட் ஒன்றைக் கண்டுபிடித்தான். நான் கவுன்சிலோடு மல்லுக்கட்டி, அண்ணையைப் பத்து நாளுக்கு ஒரு பராமரிப்பு இல்லத்தில் வைத்துப் பார்க்க ஒழுங்கு செய்தேன். உடனே சனம் கதைக்கத் தொடங்கிவிட்டது. "ஏன் நீ வயசை வீணாக்கிறாய், அண்ணையை ஹோமில விடன்" என்று முன்னம் சொன்ன அதே வாய்கள், "கூடப்பிறந்தவரை ஹோமில விட்டிட்டு உல்லாசம் போறானாம்" என்றன. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதிலும் கிங்ஸ்பரி வாய்க்குக் கிடையவே கிடையாது.

புறப்படும் அன்று அந்த இல்லத்துக்கு நானும் கூடப் போயிருந்தேன். கமலன் கட்டிலோடு குனிந்து, "அண்ணை, போட்டு வாறன். பத்து நாள்தான்" என்றான். அவர் இடது கையைத் தூக்கி, தம்பியின் முதுகுப்பையை இரண்டு தரம் தட்டினார். போ என்றாரா, ஏனிந்த மூட்டை என்றாரா, யாருக்குத் தெரியும்!

ஹீத்ரோவில் செக்யூரிட்டி வரிசையில் நிற்கும்போது கமலன் சொன்னான்: "பஸ்தி, இவ்வளவு காலமும் பக்கத்தில இருந்திட்டன். அந்த ஒரு நாளைக்கு நான் இல்லாமப் போனா?"

"விசர்க்கதை கதையாதை. பெல்ட்டைக் கழட்டு" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. நித்திரை கொண்டான். அவ்வளவுதான்.

ஹாலோங் விரிகுடாவுக்குப் படகுச் சுற்றுலா. ஷான் போனில் காட்டிய படத்தில் வெள்ளைப் படகு, மேல்தட்டில் சாய்வு நாற்காலிகள், பழத் தட்டோடு சிரிக்கும் பெண். துறைமுகத்தில் நின்றதோ பெயின்ட் உரிந்து, டீசல் மணத்தோடு இருமிக்கொண்டிருந்த ஒரு கிழம். "விலைக்கு ஏத்த படகு" என்றான் ஷான், கொஞ்சமும் கூசாமல். அறையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து நிற்க ஏலாது. ஒரு மேசைக்கு ஒரு மீன் என்று கணக்கு, ஒரு மேசைக்கு ஆறு பேர். யானைப் பசிக்குச் சோளப்பொரி. முதல் நாளே அந்த மீனின் நடுத்துண்டுக்கு நானும் ஷானும் கரண்டியால் சண்டை பிடித்தோம். கமலன் வாலோடு சமாதானமாய்ப் போனான். அவனை நாங்கள் நாலு நாளாக விடாமல் பகிடி பண்ணிக்கொண்டிருந்தோம். அவனுக்கு நித்திரைச் சாமியார் என்று பட்டமும் கட்டியாயிற்று.

அன்று பின்னேரம் மேல்தட்டில் ஒரு சங்கதி நடந்தது. ஷான் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் தரையில் துவாயை விரித்துக் கமலனும் கிடந்தான். திடீரென்று கமலன் எழும்பினான். கண் பாதிதான் திறந்திருந்தது. ஷானின் தோளுக்குக் கீழே ஒரு கையும் இடுப்புக்குக் கீழே ஒரு கையும் கொடுத்து, அலுங்காமல் இடது பக்கம் சரித்து, முதுகுக்குப் பின்னால் துவாயைச் சுருட்டி அண்டை கொடுத்துவிட்டு, மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டான். ஷான் விழிக்கவேயில்லை. அவ்வளவு பதமான கை. நான் முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. சுற்றிலும் கடலுக்குள்ளிருந்து பச்சை மலைகள் எழுந்து நிற்கின்றன, உலகம் முழுக்கக் காசு கொடுத்துப் பார்க்க வருகிறது. இவன் அங்கேயும் அண்ணையின் கட்டிலடியில்தான் இருந்தான்.

அடுத்த நாள் காலை ஒரு குகை பார்க்க இறங்கினோம். கமலன் வரவில்லை, படகிலேயே படுத்துவிட்டான். உள்ளூர் சிம் வாங்கியது ஷான் மட்டும்தான். எனக்கும் கமலனுக்கும் அவன் தயவில்தான் இணையம். குகை வாசலில் சிக்னல் கிடைத்தவுடன் அவனுடைய போன் விடாமல் துடித்தது. என் மனைவி பிரசாந்தினி. பராமரிப்பு இல்லத்திலிருந்து கமலனின் நம்பருக்கு அடித்துக் கிடைக்காமல், இரண்டாவதாகக் கொடுத்திருந்த அவளுடைய நம்பருக்கு அடித்திருக்கிறார்கள். ஞானேஸ்வரன் அண்ணை நித்திரையிலேயே போய்விட்டார்.

"அவன் சாப்பிட்டிட்டானோ?" அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. "சாப்பிட முன்னம் சொல்லிப்போடாதேங்கோ."

எங்கள் சனத்தில் அப்படித்தான். சாவுச் செய்தியை வெறும் வயிற்றுக்குச் சொல்ல மாட்டார்கள். கேட்டவன் பிரேதம் எடுக்கும் வரைக்கும் வாயில் பச்சைத்தண்ணீரும் வைக்க மாட்டான் என்று, முதலில் எதையாவது சொல்லிச் சாப்பிட வைத்துவிடுவார்கள். பிறகுதான் மெல்ல வாயைத் திறப்பார்கள்.

ஷானுக்கு இது பிடிக்கவில்லை. "என்ன பஸ்தி இது? அவன் அண்ணன் செத்துட்டாரு. இப்பவே போய்ச் சொல்லணும்."

"சாப்பிட்ட பிறகு."

"லண்டன்ல பாடி எடுக்க மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் பட்டினியா கிடப்பான்?"

"அது எனக்குத் தெரியாது. சாப்பிட்ட பிறகுதான் சொல்லுறது. நீ முகத்தை ஒழுங்கா வைச்சிரு, காணும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வழக்கம் காலையில் செத்தவரைப் பின்னேரம் எடுக்கும் ஊருக்குச் செய்த வழக்கம். லண்டனில் செத்தவருக்கு ஒரு அவசரமும் இல்லை, வரிசையில் காத்திருப்பார். ஆனால் தடுமாறும் நேரத்தில் மனிதனுக்குத் தெரிந்த வழியில்தானே கால் போகிறது.

மத்தியானம் கமலனை எழுப்பி மேசைக்குக் கூட்டி வந்தோம். அவித்த மீன் வந்தது. ஷான் நடுத்துண்டை எடுத்துக் கமலனின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தான். நான் அவனுக்குத் தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன். ஒருவரும் பகிடி விடவில்லை. கமலன் மீனைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், பிறகு குனிந்து சாப்பிடத் தொடங்கினான்.

நன்றாகச் சாப்பிட்டான். அத்தனை நாளும் கோழி கொத்துவது போலக் கொத்தியவன், சோற்றைக் குழைத்துக் குழைத்து, ஆறுதலாக, ஒவ்வொரு பிடியாய்ச் சாப்பிட்டான். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பையின் ஓரத்தில் வரிசையாக வைத்தான். முடிந்ததும், "இன்னும் கொஞ்சம் சோறு கிடைக்குமோ?" என்றான். ஷான் தன்னுடையதைத் தள்ளிவிட்டான். அதுவும் முடிந்தது. மறுபடியும் கேட்டான். நான் என்னுடையதைக் கொடுத்தேன். மேசையில் இருந்த மற்றவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். மூன்றாம் தரம் கேட்டபோது ஷான் குசினிக்கே போய்க் கெஞ்சி, அடிச்சட்டிச் சோறு ஒரு கிண்ணம் வாங்கி வந்தான். நித்திரை கொண்டு உடம்பு தேறியிருக்கிறான், நல்ல பசி என்று நான் நினைத்தேன். கடவுளே, இந்தச் சோறாவது உள்ளே போகட்டும் என்று மனதுக்குள் செபமும் சொன்னேன்.

கோப்பையில் ஒரு பருக்கை இல்லை. கமலன் கை கழுவி வந்து உட்கார்ந்தான். நான் தொண்டையைச் செருமினேன்.

"கமலன், அண்ணை..."

"தெரியும்" என்றான்.

அவன் மேசையைப் பார்த்தபடி கேட்டான்: "எந்தப் பக்கம் சரிச்சுப் படுக்க வைச்சிருந்தவையாம்?"

எனக்கு அது தெரியாது. படகு மறுபடி கரைப்பக்கம் போனபோது பிரசாந்தினியிடம் கேட்டு, அவள் இல்லத்தில் கேட்டுச் சொன்னாள். யன்னல் பக்கமாம். தாதி அப்போதுதான் திருப்பிவிட்டுப் போனாளாம். கமலன் தலையை ஆட்டினான். அழவில்லை. அதன் பிறகு நித்திரையும் கொள்ளவில்லை. மேல்தட்டில் கண்ணை முழித்தபடி இருந்தான். மலைகள் அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தன. அவன் ஒன்றையும் பார்க்கவில்லை. விமானத்திலும் அப்படியே. அந்த முதுகுப்பையை மட்டும் மேலே வைக்க விடாமல் மடியில் வைத்திருந்தான்.

ஷான் சொன்னது போலவே மூன்று கிழமைக்கு மேல் போயிற்று. கனடாவிலிருந்து தங்கச்சிமார் வந்து, பெட்டியடியில் விழுந்து, "கடைசி நேரத்தில ஒருத்தரும் இல்லாமப் போனியே அண்ணை" என்று ஒப்பாரி வைத்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு இருவரையும் வெளியே இழுத்து விட்டிருப்பேன். பிரசாந்தினி என் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கமலன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான்.

தகனம் முடிந்து கிங்ஸ்பரி பிளாட்டுக்கு வந்தோம். மரக்கறிச் சாப்பாடு. சனம் வந்து, தின்று, கதைத்து, போய்விட்டது. அண்ணையின் கட்டிலைக் கவுன்சில் அன்று காலையே கழற்றிக்கொண்டு போயிருந்தது. அது கிடந்த இடத்தில் கம்பளத்தில் நாலு குழி. கமலன் அந்தக் குழிகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, மடியில் கோப்பையை வைத்து, சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தான். வாயில் வைக்கவில்லை. நானும் பக்கத்தில் இருந்தேன். என் மனதை அரித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"அண்டைக்குப் படகில உனக்கு எப்ப தெரியும்?"

"ஷான் மீன்ர நடுத்துண்டை வைச்சவன். நீ தண்ணி வார்த்தனி. இத்தனை வருசத்தில நீ எனக்கு எப்பயடா தண்ணி வார்த்தனி?"

"அப்ப சோறு தொடுறதுக்கு முன்னமே தெரியும்?"

"ஓம்."

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. "தெரிஞ்சுகொண்டு எப்பிடியடா உன்னால சாப்பிட ஏலுமா இருந்தது? அதுவும் மூண்டு தரம் கேட்டு வாங்கி?"

கமலன் பிசைந்த சோற்றைக் கோப்பையின் ஓரத்துக்கு ஒதுக்கினான்.

"நான் சாப்பிட்டு முடிச்சாத்தானே சொல்லுவியள், பஸ்தி. நீங்கள் சொல்லுமட்டும் அண்ணை இருக்கிறார்தானே."