தெர்மாமீட்டரைப் பிடுங்கிய மேனேஜர்

பேத்தி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். கணினியின் நினைவகத்தை யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுக்கிற, கர்னல் என்கிற மைய நிரலின் பகுதி அவள் பொறுப்பு. (எங்கள் பங்காளிகளுக்கு நடுவே இப்படி ஒன்று இருந்திருந்தால் கோர்ட்டுக்கு அலைந்திருக்க வேண்டாம்.) போன வாரம், எழுதியதைக் கணினி மொழிக்கு மாற்றுகிற கம்பைலர் எச்சரித்துக்கொண்டே இருந்ததாம்: இடம் கிடைத்ததா என்று கேட்கிறீர்கள், வந்த பதிலைப் பார்ப்பதே இல்லை என்று.

"எங்க டீம் லீடு அந்த வார்னிங்கையே அமுக்கிடச் சொல்றாரு தாத்தா. அமுக்கினா கோளாறு போயிருமா?" என்றாள். பதிலைச் சரிபார்க்கும் வரிகளை எழுதிச் சேர்த்தாள். எச்சரிக்கை நின்றது.

எனக்கோ சட்டென்று புகையிலை நெடி அடித்தது.

அறுபதுகளில் திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில், அதாவது குடோனில், வேலை பார்த்தேன். துவைத்தாலும் போகாத நெடி. கன்னிவாடி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலியாகவே வரும். மரியாதை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

இலையை ஆளுயரத்துக்கு அடுக்கிப் புழுங்க விடுவார்கள். உள்ளே சூடு மிஞ்சினால் பிரித்து மாற்றி அடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் கருகிவிடும். அதற்காக அடுக்குக்குள் தெர்மாமீட்டர் செருகியிருக்கும். பார்ப்பது என் வேலை, சொல்வதும் என் வேலை. கேட்பது மேனேஜர் வேலை, அவருக்குத்தான் ஒழிவதில்லை.

ஒரு சித்திரையில் சூடு ஏறிக்கொண்டே போனது. தினமும் போய்ச் சொன்னேன். முதலாளி வருகிற நேரத்தில் அடுக்கைக் கலைத்தால் பார்க்க நன்றாயிராது என்பது மேனேஜர் கவலை. அடுக்கும் பெண்கள் பார்க்கவே தெர்மாமீட்டர்களை உருவி, மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"இப்ப சொல்லுய்யா, எம்புட்டுச் சூடு?"

அன்றிலிருந்து கிட்டங்கியில் சூடே இல்லை.

முதலாளி வந்து ஓர் அடுக்கைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே கரிக்கட்டை. மேனேஜர் கூசாமல் அடுக்கிய பெண்களைக் கைகாட்டினார். "இவளுக அடுக்குன லட்சணம். நாளையிலேருந்து ஒருத்தியும் வராதீங்க."

அந்தப் பெண்களுக்குத் தலைவியான ஆரோக்கியம் முன்னால் வந்தாள்.

"போறோம் மொதலாளி. செத்த நேரம் அந்த டிராயரத் தொறக்கச் சொல்லுங்க."

மேனேஜர் சாவியைத் தேடினார். இடுப்பில்தான் தொங்கியது, நான் சுட்டிக்காட்டி உதவினேன். திறந்தால், தெர்மாமீட்டர்கள் அத்தனையும் குளுகுளுவென்று படுத்திருந்தன.

பெண்களின் வேலை தப்பித்தது. மேனேஜரை முதலாளி அன்றே அனுப்பிவிட்டார், தன் நூல் மில்லுக்கு, இன்னும் பெரிய மேனேஜராக. அவர் முதலாளியின் மச்சினர் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

கிட்டங்கி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ஆரோக்கியம் குஜிலியம்பாறைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போனதாகக் கேள்வி. அதற்கப்புறம் தகவல் இல்லை. அந்தப் பெண்கள் புகையிலை அடுக்கிய இடத்தில் போன மாதம் வாழையிலை போட்டுச் சாப்பிட்டேன். மூச்சை இழுத்துப் பார்த்தேன்; சாம்பார் வாசம் மட்டும்தான். மனசு கேட்காமல் பக்கத்து இலைக்காரரிடம், "ஆரோக்கியம்னு ஒரு அம்மா இங்க வேல பாத்தாங்க" என்றேன்.

"சமையலுக்கா? நல்லாத்தான் பண்ணிருக்காங்க" என்று அப்பளத்தை நொறுக்கினார்.