தூரம் போதாத திறனாய்வு

இங்கே டிராகனுக்கும் அடிக்குறிப்பு உண்டு. ஜெர்மனியில் நான் இலக்கியம் படிக்க வந்திருக்கும் பல்கலைக்கழகத்தில், காலைப் பனி விலகும் முன்பே வளர்ந்த மனிதர்கள் வரிசையாக அமர்ந்து, திரையில் நெருப்பு உமிழும் டிராகனைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள். எவரும் சிரிப்பதில்லை. அது ஒரு கோட்டையை விழுங்கியபோது, முன்வரிசை மாணவர் ஒருவர் 'முதலாளித்துவம்' என்று எழுதிக்கொண்டார்.

தென்கோடி ஊரான அருமனையில் எங்கள் வீட்டில் இதே காட்சிக்கு வேறு மரியாதை. தங்கை அனுஷா அனிமே பார்க்கத் தொடங்கினால், ரப்பர் பாலை ஊற்றி உறையவைக்கும் டிஷ்களைக் கழுவியபடியே அம்மா குரல் கொடுப்பாள்: "ஏட்டி, பொம்மப் படத்த நிறுத்திட்டு வாறியா, இல்ல நான் அங்க வரட்டா?" என் பாடத்திட்டத்தில் அனிமே இருப்பதைச் சொன்ன அன்று, தொலைபேசியில் அவள், "பொம்மப் படம் பாக்கதுக்கா மக்கா பிளேன் ஏறிப் போன? இங்க அனுஷா சும்மா இருந்தே பாக்காளே" என்றாள்.

'வெள்ளிக் கதவின் தேசம்' என்ற கற்பனை அனிமே தொடரின் நிறைகுறைகளை மதிப்பிட்டு வகுப்பில் வாசிப்பது எனக்கு இடப்பட்ட பணி. அதில் தேறினால்தான் ஆய்வேட்டுக்குப் பதிவு செய்ய முடியும். கதை எளியது. ரயில் நடைமேடையில் வழுக்கி விழும் எழுத்தர் ஒருவன் வேறோர் உலகில் கண்விழிக்கிறான். விழித்த கணமே அவ்வுலகின் மொழி அவனுக்கு வந்துவிடுகிறது. அடுத்த அத்தியாயத்தில் குடியுரிமை, அதற்கடுத்ததில் குதிரை. படிவத்தில் என் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தீர்மானிக்கவே வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்ப அழைக்கப்பட்ட நான், இதைத் தலையாய குறையாகக் கருதினேன்.

இன்னொரு குறையும் உண்டு. அந்நியன் ஒருவன் ஊருக்குள் நுழைகிறான், "நீ யாருக்க மவன்?" என்று ஒருவரும் கேட்பதில்லை. களியக்காவிளை பேருந்தில் பக்கத்தில் அமரும் பெண், இருக்கை சூடாகும் முன்பே என் அப்பாவின் தாய்மாமன்வரை அறிந்திருப்பாள். அவ்விசாரணை இல்லாத இடத்தைக் கற்பனை என்று ஒப்புக்கொள்ளலாம், ஊர் என்று ஒப்புக்கொள்ள இயலாது. ஆனால் இங்கே என் அடுத்த வீட்டுக்காரர் வானிலையைத் தவிர வேறெதையும் என்னிடம் கேட்டதில்லை. ஆகவே அந்தக் குறையைப் பென்சிலால் மட்டும் எழுதினேன்.

நிறைகளில் முதலாவது மழை. ஓட்டில் விழும் மழையையும் இலையில் விழும் மழையையும் வேறுபடுத்தத் தெரிந்தவர்கள் அதை வரைந்திருக்கிறார்கள். மற்றொன்று, மறக்கப்பட்ட தெய்வத்தின் கோவில். அங்கே சிலை இல்லை. ஒரு நிலைக்கண்ணாடியும் இருபுறம் விளக்கும் மட்டுமே. கதாநாயகன் திகைத்து, கண்ணாடிக்குப் பின்னால் போய்த் தெய்வத்தைத் தேடுகிறான். நான் திகைக்கவில்லை. அய்யாவைக் கும்பிடும் அய்யாவழிக் குடும்பத்தில் பிறந்தவள் நான். நிழல் தாங்கல் என்னும் எங்கள் ஊர் வழிபாட்டிடத்திலும் வணங்குவதற்கு இருப்பது ஒரு கண்ணாடிதான். எதிரே நிற்பவர் தம்மைக் கண்டு, நெற்றியில் திருநாமம் இட்டுக்கொள்வார். திரையில் அக்கண்ணாடி தோன்றியதும் என் கை தானாக நெற்றிக்குப் போனது. பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழி கிளாரா குனிந்து, "தலைவலியா?" என்று கேட்டு ஒரு மாத்திரையை நீட்டினாள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வழிபாட்டுக்குக் கிடைத்த பிரசாதத்தை மறுப்பது முறையல்ல.

என் முறை வந்தபோது, அந்தக் கோவிலை 'மிகையற்ற நடப்பியல்' என்ற தலைப்பின்கீழ் வாசித்தேன். அறையில் சலசலப்பு எழுந்தது. மற்ற அனைவரும் அதைத் தொடரின் உச்சக் கற்பனை என்று எழுதியிருந்தார்கள். கிளாராவுக்கு அது தன்மோகம். முன்வரிசை மாணவருக்கு வழக்கம்போல முதலாளித்துவம். நான் காரணத்தைச் சொன்னதும் டிராகனை எல்லோரும் மறந்துவிட்டார்கள். விளக்கில் என்ன எண்ணெய், தாங்கலில் ஆண்கள் தலைப்பாகை கட்டுவது எதற்கு என்று கேள்விகள் குவிந்தன. திறனாய்வாளராக உள்ளே போனவள் திறனாய்வுப் பொருளாக வெளியே வந்தேன். பேராசிரியை கனிவாகச் சொன்னார்: "மதிப்பீட்டை விட்டுவிடுங்கள். உங்கள் வழிபாட்டின் சாட்சியாக எழுதுங்கள், அது அற்புதமாக இருக்கும். இப்போதைய வடிவில் தேறுவது கடினம்." கட்டுரையின் ஓரத்தில் அவர் எழுதியிருந்தது: 'ஆய்வாளருக்குப் போதிய தூரம் இல்லை.'

ஞாயிறன்று, திருத்தாத கட்டுரையைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக்குக் காணொளியில் அழைத்தேன். அம்மாவும் அனுஷாவும் தாங்கலில் இருந்தார்கள், பணிவிடை வழிபாடு முடிந்திருந்தது. பேராசிரியையின் குறிப்பை மொழிபெயர்த்து, மாற்றியோ மாற்றாமலோ கட்டுரையை அன்றே அனுப்ப வேண்டும் என்று சொன்னேன்.

"தூரம் போராதா?" அம்மா கொதித்தாள். "இன்னும் எங்கதான் போணுமாம் எனக்க பிள்ள?"

அனுஷா இடையில் தலையை நீட்டினாள். "அக்கா, அந்தப் படத்துல வாற லூசு கண்ணாடிக்குப் பின்னால போயி சாமியத் தேடுவாம்லா? ஒனக்க டீச்சரும் அங்கதான் நிக்காவ போலுக்கு."

"சும்மா இருட்டி, டீச்சரப் போயி" என்று அதட்டிய அம்மா, என்னிடம் திரும்பினாள். "என்ன அனுப்பணுமோ, அய்யாட்ட சொல்லிட்டு அனுப்பு மக்கா."

அனுஷா காமிராவைப் பின்பக்கம் மாற்றப் போனாள். அம்மா தடுத்தாள். "அவதான கும்பிடணும்? அப்ப அவளுக்க மொகம்லா கண்ணாடியப் பாக்கணும்." தொலைபேசியின் திரையையே கண்ணாடிக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

இரு விளக்குகளுக்கு நடுவே அம்மா நின்றாள். அவள் கையில் ஒரு தொலைபேசி. அதற்குள் விரல்நகம் அளவில் நான், பின்னால் என் அறையின் சாம்பல் நிற ஜன்னல். என் கை நெற்றிக்குப் போனது. யாரும் மாத்திரை நீட்டவில்லை. பிறகு கையை இறக்கி, ஓர் எழுத்தும் மாற்றாமல் கட்டுரையை அனுப்பினேன். நிமிர்ந்து பார்த்தபோது இணைப்பு உறைந்திருந்தது. கண்ணாடிக்குள் விரல்நகம் அளவில் இருந்தவள் இன்னும் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை.